பழைய குடிநீர் ஆலையில் மெம்பிரேன் மாற்றுவது: தரவு சேகரிப்பு முதல் முதல் 90 நாள் வரை

நீரை வடிகட்டும் மெம்பிரேன் இழைக் கட்டு உள்ள குழல்தான் மாட்யூல்; மாட்யூல்கள் வரிசையாக நிற்கும் சட்டம் ரேக். பழைய மாட்யூலை இறக்கிப் புதியதை ஏற்றுவது ஒரு ரேக்குக்குச் சில நாள் வேலைதான். அதற்கு முன்னால் பல மாத வேலையும், பின்னால் மூன்று மாத வேலையும் இருக்கின்றன. தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் அந்த முன் வேலையைத் தாண்டிக் குதித்தவர்கள். பழைய மெம்பிரேன் அடைத்துக்கொள்கிறது என்று புதியது வாங்குவார்கள். அடைத்த காரணம் ஆலைக்குள் அப்படியே இருக்கும், புதியதையும் அது விடாது. அதனால் கீழே உள்ள வரிசையில் புதிய இழைகள் கடைசியாகத்தான் உள்ளே வருகின்றன.

ஆறு, ஏரி, அணை நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் அழுத்தத்தில் இயங்கும் ஹாலோ ஃபைபர் அல்ட்ராஃபில்ட்ரேஷன் (நுண்துளைகள் உள்ள உள்ளீடற்ற இழைகளால் வடிகட்டும்) ரேக்குகளை மனதில் வைத்து எழுதியது இது. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் வகைக்கும் வரிசை இதேதான், அழுத்த எண்கள் மட்டும் மாறும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது 12 மாத இயக்கத் தரவு வேண்டும்: ஒவ்வொரு ரேக்கின் ஓட்டம், மெம்பிரேனின் இரு பக்க அழுத்த வித்தியாசம் (இனி டிஎம்பி), நீர் வெப்பநிலை, உள்நீரிலும் வெளிநீரிலும் கலங்கல், ஒவ்வொரு ரசாயனக் கழுவலின் தேதியும் அளவும். ஒரு முழு ஆண்டு கேட்பது காரணமாகத்தான். குளிர்ந்த மாதமும், வெள்ளக் கலங்கல் மாதமும், பாசி மாதமும் அந்தத் தரவுக்குள் இருக்க வேண்டும்.

ஆலையின் குழாய் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரேக்கைச் சுற்றி நடந்து ஒவ்வொரு வால்வையும் சரிபாருங்கள். பழைய ஆலையில் வரைபடமும் குழாயும் ஒத்துப்போவது அரிது. யாரோ எப்போதோ போட்ட பைபாஸ் லைன், மூடியே கிடக்கும் டிரெய்ன், காகிதத்தில் இல்லாத ஒரு டோசிங் புள்ளி இவையெல்லாம் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

குடிநீர் ஒழுங்குமுறை அமைப்பிடம் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். புதிய மாட்யூலுக்கு எத்தனை லாக் நீக்கம் (ஒரு லாக் என்றால் கிருமிகளில் 90 சதவீதம், இரண்டு என்றால் 99 சதவீதம் நீங்குவது) கணக்கில் தருவார்கள், எந்தச் சான்று கேட்பார்கள் என்பதைப் பொறுத்தே எதை வாங்கலாம் என்பது முடிவாகும். நீரைத் தொடும் பொருட்களுக்கு என்எஸ்எஃப் (தரச்சான்று அமைப்பு) 61, கிருமி நீக்கத் திறனுக்கு என்எஸ்எஃப் 419 ஆகிய சான்றுகளைப் பல இடங்களில் கேட்கிறார்கள்.

2. குறை மெம்பிரேனில்தானா என்று கணக்குப் போடுங்கள்

டிஎம்பி ஏறிவிட்டது என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யக் கூடாது. நீர் குளிர்ந்தால் பாகுநிலை கூடும், டிஎம்பி தானாகவே ஏறும். நீரின் பாகுநிலை 20 டிகிரி செல்சியஸில் 1.00, 10 டிகிரியில் 1.31, 30 டிகிரியில் 0.80 மில்லிபாஸ்கல்-விநாடி. அதாவது 10 டிகிரியில் அதே ஓட்டத்துக்கு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். இழையில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும் இதுதான் நிலை.

அதனால் ஊடுதிறனைக் கணக்கிடுங்கள். ஃபிளக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் வழியே மணிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பது. அதை டிஎம்பியால் வகுத்து, அன்றைய நீரின் பாகுநிலையை 20 டிகிரி பாகுநிலையால் வகுத்து வரும் எண்ணால் பெருக்கினால் 20 டிகிரிக்குத் திருத்திய ஊடுதிறன் கிடைக்கும். அதை நாள்வாரியாக வரைகோடாகப் போடுங்கள்.

அந்தக் கோட்டின் வடிவத்திலேயே பாதி விடை இருக்கும். ஒவ்வொரு ரசாயனக் கழுவலுக்குப் பின்னும் பழைய உயரத்துக்குத் திரும்பி, பிறகு வேகமாகச் சரிந்தால் மெம்பிரேன் நன்றாகத்தான் இருக்கிறது. குறை முன் சுத்திகரிப்பிலோ பேக்வாஷிலோ (வடிநீரை எதிர்த்திசையில் செலுத்தி இழையைக் கழுவுவது) உள்ளது. ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் உச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தால் போகாத படிவு சேர்கிறது. ஊடுதிறன் திடீரென்று ஏறி, அழுத்தச் சோதனையும் (காற்றழுத்தம் ஏற்றி ஓட்டை தேடுவது, 11-ஆம் படி) தோற்றால் இழைகள் உடைகின்றன. இந்த ஏற்றத்தைச் சிலர் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மூன்றிலும் அவசரமானது அதுதான்.

இழைகள் இதுவரை எவ்வளவு குளோரின் பட்டிருக்கின்றன என்பதையும் கூட்டிப் பாருங்கள். தினமும் லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசல்) 15 நிமிடம் என்றால் நாளுக்கு 50 பிபிஎம்-மணி (செறிவை நேரத்தால் பெருக்கியது), ஆண்டுக்கு 18,250. மாதம் ஒரு முறை லிட்டருக்கு 500 மில்லிகிராமில் 4 மணி நேரக் கழுவல் என்றால் ஆண்டுக்கு 24,000. இரண்டும் சேர்த்து 42,250. ஆலை ஓடிய ஆண்டுகளால் இதைப் பெருக்கி, தயாரிப்பாளர் தந்த வாழ்நாள் வரம்போடு ஒப்பிடுங்கள்.

3. பழைய மாட்யூல்களை வெட்டிப் பாருங்கள்

ரேக்கின் உள்வாய்க்கு அருகில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று, உடைந்த இழைகளை அடிக்கடி ஊசியால் அடைக்க நேர்ந்த மாட்யூல் ஒன்று என மூன்றைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். காயவிடாமல், ஈரத்தோடு, வாய்களை மூடி அனுப்ப வேண்டும். காய்ந்துவிட்டால் படிவின் தன்மையே மாறிவிடும்.

கேட்க வேண்டியவை மூன்று: இழையின் இழுவிசை வலு, படிவில் கரிமப் பொருள் எவ்வளவு கனிமம் எவ்வளவு, எந்த ரசாயனத்தில் ஊடுதிறன் எவ்வளவு மீள்கிறது. படிவில் இரும்பும் அலுமினியமும் இருந்தால் உறைதல் (படிகாரம் போன்றவற்றால் கலங்கலைத் திரட்டும் படி) சரியில்லை. மாங்கனீசு இருந்தால் மெம்பிரேனுக்கு முன்னால் போடும் குளோரின் கரைந்த மாங்கனீசை இழையின் மீதே படிய வைக்கிறது என்று பொருள். மணலோ பவுடர் கார்பனோ உரசிய கோடுகள் தெரிந்தால் மெம்பிரேனுக்கு முன்னால் உள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னரைச் சந்தேகியுங்கள்.

4. முன் சுத்திகரிப்பைத் திருத்துங்கள்

ஸ்ட்ரெய்னரில் தொடங்குங்கள். தயாரிப்பாளர் கேட்கும் கண் அளவு பெரும்பாலும் 100 முதல் 300 மைக்ரானுக்குள் இருக்கும். பழைய ஸ்ட்ரெய்னரைத் திறந்து சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே ஒரு கிழிசல் போதும், நத்தை ஓட்டுத் துண்டும் மணலும் நேராக இழைக்குப் போகும். ஓரத்தில் உள்ள சீல் நைந்திருந்தாலும் விளைவு அதுதான்; அழுத்த மானியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

படிகாரம் போடும் ஆலையென்றால் உறைதல் நடக்கும் இடத்தின் பிஎச்சைப் பாருங்கள். அலுமினியம் மிகக் குறைவாகக் கரைவது 6 முதல் 7 வரையிலான பிஎச்சில். 8-க்குப் பக்கத்தில் ஓட்டினால் கரைந்த அலுமினியம் மெம்பிரேனைக் கடந்து போய், பிறகு வேறெங்காவது படியும். டோசைக் கூட்டினாலும் இது தீராது. பிஎச்சைத்தான் இறக்க வேண்டும்.

பாலிமர் போடுகிறீர்களென்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. அளவு மீறிய கேட்டயானிக் (நேர்மின்னூட்டம் கொண்ட) பாலிமர் இழையில் ஒட்டிக்கொண்டால் வழக்கமான கழுவலில் போகாது. புதிய மாட்யூல் தயாரிப்பாளர் எந்த பாலிமரை எந்த அளவு வரை ஏற்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதத் தகராறுகள் அடிக்கடி தொடங்கும் இடம் இது.

5. மாட்யூலைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

சராசரி ஃபிளக்ஸை வைத்து வாங்குவதுதான் மிகப் பரவலான பிழை. எடுத்துக்காட்டாக நாளுக்கு 3 கோடி லிட்டர் ஆலை, அதாவது மணிக்கு 1,250 கன மீட்டர். ஆறு ரேக், ஒவ்வொன்றிலும் 60 மாட்யூல், மாட்யூலுக்கு 75 சதுர மீட்டர். ஒரு ரேக்குக்கு 4,500, மொத்தம் 27,000 சதுர மீட்டர். சராசரி ஃபிளக்ஸ் 46. பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு ரேக் ரசாயனக் கழுவலில், இன்னொன்று பேக்வாஷில் இருக்கும்போது நான்குதான் ஓடும். 18,000 சதுர மீட்டரில் அதே 1,250 கன மீட்டர் என்றால் ஃபிளக்ஸ் 69. வடிகட்டிய நீரில் ஐந்தாறு சதவீதம் பேக்வாஷுக்கே திரும்பப் போகிறது, அதையும் இந்த நான்குதான் தர வேண்டும், 73 ஆகிவிடும். நீர் 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் இதற்கு வேண்டிய டிஎம்பி, 20 டிகிரியில் 95 ஃபிளக்ஸுக்கு வேண்டிய அளவு. மாட்யூல் தாங்குமா என்று கேட்க வேண்டியது இந்த எண்ணை வைத்து.

அடுத்து இழையின் பொருள். பிவிடிஎஃப் குளோரினை நன்றாகத் தாங்கும், காஸ்டிக் சோடாவின் உயர்ந்த பிஎச்சில் பலவீனப்படும். பாலிஈதர்சல்ஃபோன் அமிலத்தையும் காரத்தையும் தாங்கும், குளோரினில் முன்னதைவிடச் சீக்கிரம் தேயும். படிவு ஆய்வில் வந்த விடைக்கு எந்த ரசாயனம் வேண்டுமோ அதைத் தாங்கும் பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய மாட்யூல் இழைக்கு உள்ளிருந்து வெளியே வடிகட்டும் வகையாக இருந்து, புதியது வெளியிலிருந்து உள்ளே வடிகட்டும் வகை என்றால் ஹெடர்களின் (மாட்யூல்களை இணைக்கும் பொதுக் குழாய்களின்) வேலை மாறும். புதியதற்குக் காற்றுக் குலுக்கலும் (காற்றுக் குமிழிகளால் இழைகளை ஆட்டிச் சுத்தம் செய்வது) தேவைப்படும். பழைய ரேக்கில் காற்று லைனே இருக்காது. மாட்யூலின் உயரம், வாய்களின் இடைவெளி, விட்டம் மூன்றையும் ரேக்கில் நேரில் அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

6. துணை உபகரணங்கள்: இங்கேதான் திட்டம் சறுக்கும்

புதிய மாட்யூல்கள் அதே இடத்தில் அதிகப் பரப்பைத் தருகின்றன. பழையது 50 சதுர மீட்டர், புதியது 75 என்று வைத்துக்கொள்வோம். பழைய ரேக்கின் 3,000 சதுர மீட்டருக்கு 150 ஃபிளக்ஸில் பேக்வாஷ் செய்ய மணிக்கு 450 கன மீட்டர் போதும். புதிய 4,500 சதுர மீட்டருக்கு 675 வேண்டும். பழைய பம்பை அப்படியே விட்டால் பேக்வாஷ் ஃபிளக்ஸ் 100-தான் கிடைக்கும். இழை சரியாகக் கழுவப்படாது, சில வாரங்களில் டிஎம்பி ஏறும், பழி மாட்யூல் மீது விழும்.

பம்போடு நிறுத்த வேண்டாம். பேக்வாஷ் நீர்த்தொட்டியின் கொள்ளளவு, கழிவுநீர்க் குழாயின் விட்டம், கழிவுத் தொட்டி நிரம்பும் நேரம் மூன்றையும் அதே 675-க்குச் சரிபாருங்கள். கழிவுக் குழாய் சிறியதாக இருந்தால் பம்பை மாற்றியும் பயனில்லை. பின்னழுத்தம் ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

கழுவல் தொட்டிக்கும் இதே கணக்கு. மாட்யூலின் உள் கொள்ளளவு 40 லிட்டர் என்றால் 60-க்கு 2,400 லிட்டர், அதோடு ஹெடரும் குழாயும். தொட்டியில் பாதியளவு எப்போதும் மீந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும். ஹீட்டர் அந்தக் கரைசலை 35 டிகிரிக்கு நியாயமான நேரத்தில் ஏற்றுமா என்றும் பாருங்கள். குளிர்ந்த கரைசலில் கழுவிவிட்டு ரசாயனம் வேலை செய்யவில்லை என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது.

ஹைப்போவும் அமிலமும் ஒரே தொட்டியைப் பகிரும் பழைய அமைப்பு என்றால், இரண்டு டோசிங் வால்வுகளும் ஒரே நேரத்தில் திறக்க முடியாதபடி கம்பியிணைப்பிலேயே இன்டர்லாக் போடுங்கள். பிஎல்சி (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) நிரலில் மட்டும் இருந்தால் போதாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும், அந்த அறையில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. கழுவல்களுக்கு இடையே நீரால் அலசி, குளோரின் இல்லை என்று சோதித்த பிறகே அமிலம்.

காற்று எண்ணெய் இல்லாத கம்ப்ரசரிலிருந்து வர வேண்டும். எண்ணெய்த் துளி இழையின் துளைகளை அடைத்தால் எடுப்பது மிகக் கடினம். ஆக்சுவேட்டர் வால்வுகளில் சீட் தேய்ந்தவற்றை இப்போதே மாற்றிவிடுங்கள். ஏன் என்பது 9-ஆம் படியில் தெரியும்.

7. ஒரு ரேக்கை முதலில்

முடிந்தால் சிறிய சோதனை ஸ்கிட் ஒன்றை, உங்கள் ஆலையின் உள்நீரிலேயே, மிக மோசமான நீர்ப் பருவம் உட்படும்படி ஓட்டுங்கள். நல்ல நீர் மாதத்தில் மூன்று வாரம் ஓட்டிய சோதனையால் ஒன்றும் தெரியாது. குறைந்தது இரண்டு ரசாயனக் கழுவல் சுற்றுகள் முடிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகும் முழு ஆலையை ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஒரு ரேக்கை மாற்றி ஓடவிட்டு, கற்றதை அடுத்ததில் பயன்படுத்துங்கள். குடிநீர் வழங்கலும் நிற்காது. தேவை குறைந்த பருவத்தில் ரேக்கை நிறுத்துங்கள், மீதமுள்ள ரேக்குகளின் ஃபிளக்ஸை 5-ஆம் படிக் கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டு.

8. பழையதை இறக்குவது

நிறுத்துவதற்கு முந்தைய நாள் ரேக்கை ஒரு முழு ரசாயனக் கழுவலுக்கு உட்படுத்துங்கள். படிவும் கிருமியும் குறைந்த மாட்யூலைக் கையாள்வது பாதுகாப்பானது. பிறகு குளோரினை நடுநிலையாக்குங்கள். ஒரு கிலோ குளோரினுக்குக் கணக்குப்படி 1.34 கிலோ சோடியம் மெட்டாபைசல்ஃபைட். நடைமுறையில் சற்றே கூடுதல் தேவைப்படும், மீதக் குளோரினை அளந்து நிறுத்துங்கள்.

மின்சாரம், காற்று, ரசாயன லைன் மூன்றையும் பூட்டி அட்டை மாட்டிய பிறகே கப்ளிங்கைத் தொட வேண்டும். நீர் நிறைந்த மாட்யூல் ஒரு ஆளால் தூக்கும் பொருளல்ல. வடித்துவிட்டு, தூக்கியில் கட்டி இறக்குங்கள்.

9. குழாய் வேலை, அலசல், வெறும் ரேக் சோதனை

இந்தப் படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். இதை விட்டதால் வரும் சேதமோ மற்ற எல்லாவற்றையும்விட மோசமானது.

ஹெடரை அறுக்கும்போதும் துளையிடும்போதும் பிவிசி சீவல், துருப்பிடிக்காத எஃகின் துருவல், வெல்டிங் மணி எல்லாம் உள்ளே விழும். கண்ணுக்குத் தெரிந்ததைத் துடைத்துவிட்டோம் என்று மாட்யூலை ஏற்றினால், முதல் ஓட்டத்தில் நீர் அந்தத் துருவலை நேராக இழைக் கட்டுக்குள் தள்ளும். காற்றுக் குலுக்கலில் அது இழையோடு சேர்ந்து ஆடும். ஊசி போன்ற ஒரு துருவல் ஒரு வாரத்தில் பல இழைகளை அறுத்துவிடும். தயாரிப்பாளர் மாட்யூலைத் திறந்து பார்த்தவுடன் அதைக் கண்டுகொள்வார். உத்தரவாதம் அத்தோடு போயிற்று.

அதனால் மாட்யூல் இருக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் நேர்க் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டுங்கள். கையிருப்பு குறைவென்றால் வரிசைக்கு நான்கைந்து இடத்தில் மாட்டி மற்றவற்றுக்கு மூடி போட்டு, இடம் மாற்றி மாற்றி அலசலாம். வடிகட்டிய நீரை, சாதாரண ஓட்டத்தைவிட வேகமாக, உள்ஹெடர், வெளிஹெடர், பேக்வாஷ் லைன், கழுவல் லைன், காற்று லைன் என ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஓடவிடுங்கள். வெளியேறும் வாயில் 100 மைக்ரான் வலையைக் கட்டி, 10 நிமிடம் ஓட்டி, வலையைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டுங்கள். ஒரு துருவல் விழுந்தாலும் மறுபடி அலச வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை துணி சுத்தமாக வரும் வரை நிறுத்தாதீர்கள். கழுவல் லைனை விட்டுவிடுபவர்கள் அதிகம். முதல் ரசாயனக் கழுவலில் துருவல் அந்த வழியாக வரும்.

குழாய்த் துண்டுகள் மாட்டியிருக்கும்போதே ரேக்கின் எல்லா வால்வுகளையும் மூடி, காற்றால் 1 பார் அழுத்தம் ஏற்றிப் பிடித்துப் பாருங்கள். ரேக்கில் இழையே இல்லை. அழுத்தம் இறங்கினால் அது வால்வு சீட்டோ கப்ளிங்கோதான். சோப்பு நீர் போட்டு இடத்தைக் கண்டு, இப்போதே திருத்திவிடுங்கள். இதைச் செய்யாமல் மாட்யூலை ஏற்றிவிட்டால், பிறகு அழுத்தச் சோதனை தோற்கும்போது 60 மாட்யூலில் இல்லாத ஓட்டையை நாள் கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

10. புதிய மாட்யூல்களை ஏற்றுவது

மாட்யூல்கள் பாதுகாப்புக் கரைசலில் வரும், பெரும்பாலும் கிளிசரினும் பைசல்ஃபைட்டும். நிழலில் வையுங்கள். உறையவும் கூடாது, 35 டிகிரியைத் தாண்டவும் கூடாது. வாய் மூடியைக் கழற்றுவது அதன் இடத்தில் நிறுத்தும் அந்த நேரத்தில்தான். ஒரு முறை நனைந்த இழை காய்ந்துவிட்டால் துளைகள் சுருங்கி, பழைய ஊடுதிறன் திரும்பாது.

ஓ-ரிங்குகளுக்குக் கிளிசரின் தடவுங்கள். சிலிக்கான் கிரீஸ் வேண்டாம். மெம்பிரேனில் படிந்தால் கழுவலில் போகாது. குழாயும் மாட்யூல் வாயும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் கப்ளிங்கை இறுக்கி இழுத்துச் சரிசெய்யாதீர்கள். அந்த இழுவை முழுவதையும் மாட்யூலின் பிளாஸ்டிக் கழுத்து தாங்க வேண்டியிருக்கும், சில மாதத்தில் அங்கே விரிசல் விடும். குழாயை வெட்டித் திருத்துங்கள்.

எந்த வரிசை எண் எந்த இடத்தில் என்று வரைபடம் எழுதி ரேக்கிலேயே ஒட்டிவையுங்கள். எந்த மாட்யூலில் உடைந்த இழைகளை அடைத்தோம் என்ற பதிவுக்கு இதுதான் அடிப்படை.

11. அலசல், நனைத்தல், அழுத்தச் சோதனை

மெதுவான ஓட்டத்தில் கிளிசரினை வெளியேற்றுங்கள், அந்த நீரைக் கழிவுக்கு விடுங்கள். கிளிசரின் கரிமப் பொருள் என்பதால் குளோரினை உறிஞ்சும். இது போகும் முன் கிருமிநீக்கம் தொடங்கினால் மீதக் குளோரின் நிற்கவே நிற்காது. வெளிநீரின் மொத்தக் கரிம அளவு உள்நீரின் அளவைவிடக் கீழே இறங்கி நிலைக்கும் வரை ஓட்டுங்கள்.

இழைகள் சில மணி நேரம் வடிகட்டி முழுதாக நனைந்த பிறகே அழுத்தச் சோதனை. நனையாத துளை வழியே காற்று தாராளமாகப் போகும், நல்ல மாட்யூலும் தோற்றதாகக் காட்டும்.

3 மைக்ரான் ஓட்டையைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 1 பார் காற்றழுத்தம் வேண்டும், அதோடு ரேக்கில் நிற்கும் நீர்மட்டத்தின் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். 3 மைக்ரான் ஏனென்றால் 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள கிரிப்டோஸ்போரிடியம் அதைவிடச் சிறிய ஓட்டையில் நுழையாது. குளோரினாலோ அதைக் கொல்ல முடியாது. அழுத்தத்தை நிலைக்கவிட்டு, பிறகு 5 அல்லது 10 நிமிடம் இறக்கத்தை அளவிடுங்கள். நனைந்த துளை நீரில் காற்று கரைந்து ஊடுருவுவதால் பூஜ்யம் ஒருபோதும் வராது.

இங்கே ஒரு பிழை கண்ணுக்குத் தெரியாமல் பல ஆண்டு உட்கார்ந்திருக்கும். பிஎல்சி நிரலில் லாக் நீக்கம் கணக்கிடும் வாய்பாட்டுக்குள் ரேக்கின் காற்றுக் கொள்ளளவு ஒரு மாறிலியாக இருக்கிறது. பெரிய மாட்யூல் போட்டபின் அதை மாற்றவில்லை என்றால் கணக்கு பொய்யாகும். உண்மைக் கொள்ளளவு 1.5 மடங்கானால், திரையில் வரும் லாக் எண் உண்மையைவிட 0.18 அதிகமாகக் காட்டும். நீர் பாதுகாப்பானது என்று ஆலை நம்பிக்கொண்டிருக்கும். சோதனை நாளன்றே புதிய கொள்ளளவையும் தயாரிப்பாளர் தரும் மற்ற மாறிலிகளையும் போட்டு, கையால் ஒரு முறை கணக்கிட்டுத் திரையோடு ஒப்பிடுங்கள்.

தோற்றால் கண்ணாடிக் குழாய்ப் பகுதியில் குமிழி வரும் மாட்யூலைத் தேடுங்கள். அதன் மேல்மூடியைக் கழற்றி, இழை முனைகள் மீது மெல்லிய நீர்ப்படலம் நிற்கவிட்டு, வெளிப்பக்கம் மெதுவாகக் காற்றழுத்தம் ஏற்றுங்கள். ஆயிரக்கணக்கான சிறு வாய்களில் ஒன்றிலிருந்து மட்டும் குமிழி ஓயாமல் வரும். குறி வைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டு, தயாரிப்பாளர் தரும் கூர்முனை ஊசியை நேராக அழுத்துங்கள். இழை இரண்டு முனையிலும் திறந்திருக்கும் வகை என்றால் மறுமுனையையும் அடைக்க வேண்டும். பக்கத்து இழையைக் குத்திவிடாமல் இருக்க உருப்பெருக்கி விளக்கு பயன்படுத்துங்கள்.

சோதனை முடிந்ததும் காற்றை மெதுவாக வெளியேற்றி, குறைந்த ஓட்டத்தில் நீரை நிரப்புங்கள். காற்று அடைந்த ரேக்குக்குள் முழு வேகத்தில் நீர் பாய்ந்தால் நீர் மோதல் வரும், இழைகள் ஒட்டுமுனையில் முறியும்.

12. கிருமிநீக்கமும் வழங்கலில் சேர்ப்பதும்

தயாரிப்பாளர் அனுமதிக்கும் செறிவில் ஹைப்போவை நிரப்பி ஊறவிட்டு, அலசி, நுண்ணுயிர் மாதிரி எடுங்கள். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மாதிரித் தொகுதிகள் கோலிஃபார்ம் பாக்டீரியா இல்லாமல் வந்த பின்னரே வடிநீரைத் தூயநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். ஒவ்வொரு ரேக்குக்கும் தனி டர்பிடிட்டி மீட்டர் (கலங்கல்மானி) வேண்டும். பொது ஹெடரில் ஒரே மீட்டர் இருந்தால் ஒரு ரேக்கின் கசிவை மற்ற ஐந்தின் நல்ல நீர் மறைத்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2006 விதிப்படி 15 நிமிட இடைவெளியில் தொடர்ந்து இரண்டு அளவீடு 0.15 என்டியுவை (கலங்கலின் அலகு) தாண்டினால் உடனே அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். உங்கள் ஒழுங்குமுறையில் வேறு எண் இல்லாவிட்டால் இதை எச்சரிக்கை வரம்பாக வைக்கலாம்.

13. முதல் 90 நாள்

முதல் நாளின் திருத்திய ஊடுதிறனை எழுதி வையுங்கள். இனி எல்லாவற்றையும் ஒப்பிடப்போவது அந்த எண்ணோடுதான். வடிவமைப்பு ஃபிளக்ஸில் 60 சதவீதத்தில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள்.

பொது உள்ஹெடர் உள்ள ஆலையில் இது தானாக நடக்காது. பழைய ரேக்குகள் அடைத்தவை, புதியதில் தடை குறைவு. நீர் புதியதை நோக்கித்தான் ஓடும். ரேக்குக்குத் தனி ஓட்டக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் புதிய ரேக் முதல் நாளிலேயே வரம்பைத் தாண்டிய ஃபிளக்ஸில் ஓடும், யாரும் கவனிக்கமாட்டார்கள், ஏனென்றால் மொத்த ஓட்டம் சரியாகவே இருக்கும். ரேக்கின் வடிநீர் லைனில் ஓட்டமானியும் கட்டுப்பாட்டு வால்வும் போடுங்கள். முழு மாற்றம் முடியும் வரைக்காவது கையால் திருகும் வால்வை ஒரு நிலையில் பூட்டி வையுங்கள்.

பேக்வாஷ் இடைவெளி, நீளம், ரசாயன அளவு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று, குறைந்தது ஒரு வாரம். ஊடுதிறன் முதல் நாள் எண்ணில் 20 முதல் 30 சதவீதம் குறைந்ததும் ரசாயனக் கழுவல் செய்துவிடுங்கள். டிஎம்பி உச்ச வரம்பைத் தொடும் வரை காத்திருந்தால் படிவு இறுகிவிடும். அப்போது இரட்டை ரசாயனமும் இரட்டை நேரமும் செலவாகும், இழையின் வாழ்நாளும் அதே அளவு தேயும்.

டோசிங் ஹைப்போவின் செறிவை ஒவ்வொரு கழுவலுக்கு முன்னும் அளவிடுங்கள். வெயிலில் நிற்கும் தொட்டியில் அது வேகமாக வலு இழக்கும். லேபிளில் 12 சதவீதம் என்று இருப்பதை நம்பிக் கணக்கிட்டால் கழுவல் பாதி வலுவில்தான் நடக்கும்.

90 நாளில் கழுவலுக்குப் பிந்தைய உச்சிகள் ஒரே மட்டத்தில் நின்றால் அடுத்த ரேக்குக்குத் தேதி குறியுங்கள். சரிந்துகொண்டிருந்தால் இரண்டாவது ரேக்குக்கான மாட்யூல்களைப் பெட்டியைப் பிரிக்காமல் நிழலில் வைத்துவிட்டு, 3-ஆம் படிக்குத் திரும்பி இந்தப் புதிய ரேக்கிலிருந்தே ஒரு மாட்யூலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.